கிளடிஸ் எதிர் யேசுரட்ணம்

"வழக்கை உங்கள் அண்ணன் மேல்தான் போடவேண்டும்" என்றார் லோயர் டிலேனி.

கிளடிஸ் போனை ஸ்பீக்கரில் போட்டு, மோர்னிங்சைட் வீட்டுக் குசினி மேசையில் வைத்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய இடது கை, துணி சுற்றிய வாழைப்பொத்தி மாதிரிக் கிடந்தது. எதிரில் புருசன் பேனாட் தேத்தண்ணியை ஆற்றுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"அண்ணையில எனக்கு ஒரு கோபமும் இல்லை. படிதான் உடைஞ்சது. வீட்டு இன்ஷூரன்ஸ் இருக்கு. அவங்களைப் பிடியுங்கோ" என்று அவள் இங்கிலிஷில் சொன்னாள். இருபத்திரண்டு வருசம் பேக்கரி ஒன்றில் சூப்பர்வைசரோடு சண்டைபிடித்துப் பழகிய இங்கிலிஷ். ஆருக்கும் விளங்கும்.

"பணம் தரப்போவது இன்ஷூரன்ஸ் கம்பனிதான். ஆனால் அவர்கள் மேல் நேராக வழக்குப் போட இங்கே நியூ ஜேர்சியில் சட்டம் இடம் தராது. படி உங்கள் அண்ணனுடையது. வழக்கும் அவர் மேல்தான்."

நடந்தது இதுதான். எல்லை தாண்டி அமெரிக்காவில், நியூ ஜேர்சியில் இருக்கிற ஒரே அண்ணன் யேசுரட்ணத்தைப் பார்க்க ஒகஸ்டில் மூன்று நாள் போனார்கள். இரண்டாம் நாள் மத்தியானம், பின்வளவில் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்த அண்ணனிடம் கோப்பை கொண்டுபோக இறங்கியபோது, பலகை டெக்கின் மூன்றாவது படி உக்கிப்போய் இருந்தது. மணிக்கட்டு இரண்டு துண்டு. அமெரிக்க ஆஸ்பத்திரியில் தகடு வைத்தார்கள். பிறகு பில் வந்தது. அந்தப் பில்லுக்கு மோர்னிங்சைட் வீட்டின் கூரை, ஜன்னல், கார் எல்லாவற்றையும் மாற்றலாம். வீட்டில் இலவச வைத்தியம் தருகிற ஒன்ராறியோ ஹெல்த் கார்ட் அதில் ஒரு மூலையைத்தான் தொட்டது. "மூண்டு நாளுக்கு என்னத்துக்கு ட்ராவல் இன்ஷூரன்ஸ்" என்று கேட்டவர் பேனாட். அதற்குப் பிறகு வீட்டில் அவர் எதையுமே கேட்பதில்லை.

கிளடிஸ் இரண்டு கிழமை மறுத்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரி, கடன் வசூலிக்கிற ஆட்களிடம் பில்லைக் கொடுத்துவிட்டது. ஒரு நாளைக்கு நாலு தடவை போன் அடித்தது. ஐந்தாவது தடவை அடித்தபோது, "சரி, போடுவம்" என்றாள். ஒன்றைச் செய்வதென்று தொடங்கினால் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

முதலில் அண்ணனுக்குச் சொல்லவேண்டும். போனை எடுத்தது அண்ணனின் மகள் ஷாமிலா. தாய் செத்த பிறகு தபால், பில் எல்லாம் பார்த்து அந்த வீட்டை நடத்துகிறவள் அவள்தான்.

"அப்பா நித்திரை, மாமி. என்ன விசயம்?"

கிளடிஸ் சொன்னாள். வெறும் பேப்பர் அளவில்தான் வழக்கு, அண்ணன் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை, இன்ஷூரன்ஸ்காரன் கட்டுவான், ஆனால் பேர் மட்டும் அண்ணனுடைய பேராக இருக்கும் என்று இரண்டு தரம் விளங்கப்படுத்தினாள்.

"ஓ, I get it. உதுக்கென்ன மாமி, போடுங்கோ. அப்பாட்டை நான் பாத்துச் சொல்லுறன்."

அடுத்த நாள் ஷாமிலாவிடமிருந்து மெசேஜ் வந்தது. 'ஓகே மாமி. Don't worry.'

வழக்குப் பத்திரம் பதினொரு பக்கம். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் 'கிளடிஸ் பேனாட் எதிர் யேசுரட்ணம் மரியாம்பிள்ளை' என்று இருந்தது. அந்த 'எதிர்' என்ற சொல்லைக் கிளடிஸ் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

"இன்னுமொன்று" என்றார் டிலேனி. "வழக்கு முடியும்வரை அண்ணனோடு இதைப் பற்றிக் கதைக்கவேண்டாம். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நடத்துகிற நாடகம் என்று கம்பனி சந்தேகப்பட்டால், பணம் தர மறுக்கலாம். வெளி ஆட்களிடமும் மூச்சு விடவேண்டாம்."

"இதைப் பற்றிக் கதைக்கவேண்டாம் எண்டுதானே சொன்னவர்" என்றார் பேனாட், போனை வைத்த பிறகு. "மற்றதுகளைக் கதைக்கலாம்."

"அண்ணை எடுத்தால் முதல் கேள்வி என்ன? கை எப்பிடி எண்டு கேப்பார். கை எண்டால் கேஸ். கதைக்காமல் விடுறதுதான் பாதுகாப்பு."

யேசுரட்ணம் ஞாயிற்றுக்கிழமை தோறும் பூசை முடிந்து பதினொன்றரைக்குப் போன் எடுப்பார். முப்பது வருசத்துப் பழக்கம். அந்த ஞாயிறும் எடுத்தார். கிளடிஸ் கையால் சைகை காட்ட, பேனாட் போனை எடுத்து, "அவ பாத்ரூமில, மச்சான்" என்றார். அடுத்த ஞாயிறும் பாத்ரூம். அதற்கடுத்த ஞாயிறும். பேனாட்டுக்கு வேறு பொய் வருவதில்லை.

ஆறாவது கிழமை நியூ ஜேர்சியிலிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே வயிறு இளக்கிற இசப்கோல் இரண்டு டின்னும், காய்ந்த பிளம்ஸ் ஒரு பெரிய பையும். 'பிள்ளை, நிறையத் தண்ணி குடி' என்று யேசுரட்ணத்தின் கையெழுத்தில் ஒரு துண்டு.

"பகிடி விடுறார்" என்றாள் கிளடிஸ். ஆனாலும் சிரித்தாள். கேஸ் போட்ட தங்கச்சியோடு பகிடி விடுகிற அண்ணன் ஆருக்குக் கிடைப்பான் என்று அன்றைக்கு நினைத்தாள்.

சிரிப்பு பத்து நாள்தான். அண்ணன் பக்கத்துப் பதில் நீதிமன்றத்துக்கு வந்தது. டிலேனி அதை ஈமெயிலில் அனுப்பினார். கிளடிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள்.

'பிரதிவாதி யேசுரட்ணம், வாதி படியில் விழுந்ததை மறுக்கிறார். படி உக்கியிருந்ததை மறுக்கிறார். வாதிக்குக் காயம் ஏற்பட்டதை மறுக்கிறார். வாதி விழுந்திருந்தால், அது வாதியின் சொந்தக் கவனக்குறைவே.'

அவள் இரண்டாம் தரம் வாசித்தாள்.

"அம்புலன்சில என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு வந்த மனுசன்" என்றாள். "நான் விழேல்லையாம்."

பேனாட் வாங்கிப் பார்த்தார். "இது இன்ஷூரன்ஸ்காரன் பிடிச்சுக் குடுத்த லோயர் எழுதினது, கிளடிஸ். எல்லாருக்கும் இப்பிடித்தான் எழுதுவாங்களாம். மச்சான் எழுதியிருக்கமாட்டார்."

"கீழ ஆற்ர பேர் கிடக்கு?"

யேசுரட்ணத்தின் பேர்தான் கிடந்தது.

டிலேனியும் அதையேதான் சொன்னார். முதலில் எல்லாவற்றையும் மறுப்பது வழமை, பெரிதுபடுத்தவேண்டாம் என்றார். இணங்காவிட்டால் ஆறு பேர் கொண்ட ஜூரி முன்னால் போகும் என்றும், ஆனால் அந்த ஜூரி முன்னால் இன்ஷூரன்ஸ் என்ற சொல்லை ஒருவரும் வாயில் எடுக்கக்கூடாது என்றும் விளங்கப்படுத்தினார்.

இதைப் பேனாட்டால் தாங்கமுடியவில்லை. "அப்ப காசு குடுக்கிறது ஆர்?"

"இன்ஷூரன்ஸ்" என்றாள் கிளடிஸ்.

"கேஸை நடத்திறது?"

"அவங்கள்தான்."

"பிறகேன் அந்தப் பேரைச் சொல்லக்கூடாது?"

"கம்பனிக் காசு எண்டு தெரிஞ்சால் ஜூரி அள்ளிக் குடுத்திடுமாம்."

"தெரியாட்டி ஜூரி என்ன நினைக்கும்?"

கிளடிஸ் யோசித்தாள். "நான் சொந்தத் தமையன்ர வீட்டை வித்துக் காசு கேக்கிறன் எண்டு நினைக்கும்." பிறகு சொன்னாள்: "நினைக்கட்டும். மூண்டாம் படியில நான் விழுந்தனான். அதை அவற்ர வாயால சொல்லவைக்காமல் விடமாட்டன்."

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போனைப் பேனாட்டும் எடுக்கக்கூடாது என்று உத்தரவு.

பிரச்சினை என்னவென்றால், அவர்களுடைய மச்சாள் முறையான எமில்டாவின் மகளுக்கு மேயில் கலியாணம். யேசுரட்ணமும் வருகிறார். எமில்டா ஆட்களை மேசைக்கு மேசை பிரித்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"உன்னையும் உன்ர அண்ணையையும் ஒரே மேசையில போட்டிருக்கிறன்" என்றாள் போனில்.

"வேண்டாம். தூரப் போடு."

"ஏன்?"

வெளி ஆட்களிடம் மூச்சு விடவேண்டாம் என்று டிலேனி சொல்லியிருந்தார். "ஏன் எண்டு கேளாத" என்றாள் கிளடிஸ்.

கேட்கவேண்டாம் என்று எமில்டாவிடம் சொன்னது பிழை. காரணத்தைச் சொல்லியிருந்தால் ஒரு கதைதான் பரவியிருக்கும். சொல்லாதபடியால் ஐந்து கதை பரவியது. அதில் அதிகம் பேர் நம்பியது, ஊர்காவற்றுறைக் காணிக் கதை. தகப்பன், யேசுரட்ணத்தின் பேருக்கு எழுதிவைத்த பன்னிரண்டு பரப்பு; அதில் பங்கு கேட்டுத்தான் கிளடிஸ் முறைக்கிறாளாம். கிளடிசுக்கு அந்தக் காணி நினைவிலேயே இல்லை. எமில்டா சொல்லித்தான் அப்படி ஒன்று இருப்பது ஞாபகம் வந்தது.

கலியாண ஹோலில் கிளடிசுக்கு வாசலடியில் இருபத்தோராம் மேசை. யேசுரட்ணம் மேடைக்குப் பக்கத்தில். ஷாமிலாவுக்கு லீவு கிடைக்கவில்லையாம், தனியத்தான் வந்திருந்தார். போனை எடுத்து எல்லாரையும் படம் பிடித்து மகளுக்கு அனுப்பிக்கொண்டு திரிந்தவர், கடைசியில் ஒரு பிளேட்டில் கேக் துண்டோடு இருபத்தோராம் மேசைக்கே வந்துவிட்டார். எழுபது வயதில் நல்ல கோட் போட்டு, தலைக்கு மை அடித்திருந்தார்.

"பிள்ளை" என்றார். "கை எப்பிடி?"

இந்தக் கேள்விக்கு இவள் என்ன பதில் சொன்னாலும் நாளைக்கு அது அவருடைய லோயரின் மேசையில் இருக்கும். சுகம் என்றால் காயம் இல்லை. சுகமில்லை என்றால் கலியாண வீட்டுக்கு எப்படி வந்தாய் என்பார்கள். அவள் இடது கையை மேசைக்குக் கீழே ஒளித்தாள்.

"நோ கொமென்ற்" என்றாள்.

பக்கத்து மேசையில் ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். யேசுரட்ணம் பிளேட்டோடு நின்றார். பிறகு கேக்கை அவளுக்கு முன்னால் வைத்துவிட்டு, தன் மேசைக்குப் போனார். போகும்போது ஒரு கதிரையில் இடித்துக்கொண்டார்.

"பாவமாக் கிடக்கு" என்றார் பேனாட்.

"பேப்பரில மறுக்கிறது, நேரில கேக்" என்றாள் கிளடிஸ். கேக்கைத் தொடவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, கொண்டுவந்திருக்கலாம் என்று நினைத்தாள். ஆனால் சொல்லவில்லை.

இரண்டு கிழமையில் கூரியரில் தடித்த உறை ஒன்று வந்தது. பிரித்தால் ஊர்காவற்றுறைக் காணி உறுதி. பன்னிரண்டு பரப்பையும் தங்கச்சி பேருக்கு மாற்றி எழுதித் தயார் பண்ணியிருந்தது. அவள் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி. கூடவே ஒரு கடிதம்: 'பிள்ளை, இது உன்ர மனசில இருந்தது எண்டு எனக்குத் தெரியாது. முதலே சொல்லியிருக்கலாம். எடுத்துக்கொள்.'

பேனாட் உறுதியைக் கையில் எடுத்து அகலம் நீளம் பார்த்தார். "கடல் பக்கம்" என்றார் மெதுவாக.

"கேஸை வாபஸ் வாங்கச் சொல்லித் தாறார்" என்றாள் கிளடிஸ். "நான் வாங்கமாட்டன்."

அவள் அதை அப்படியே இன்னொரு உறையில் போட்டு, ஒரு வரியும் எழுதாமல், பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பினாள். தபாற்கந்தோரிலிருந்து திரும்பி வரும்போது பேனாட் காரை ஓட்டினார். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். கண்ணைத் துடைத்ததை அவர் கண்டார், காணாததுபோல ஓட்டினார்.

ஒக்ரோபரில் அவளை விசாரித்தார்கள். நீதிமன்றம் இல்லை, நீதிபதியும் இல்லை. ஸூமில் இரண்டு பக்கத்து லோயர்மாரும், சொல்லுகிற ஒவ்வொரு சொல்லையும் தட்டெழுதுகிற ஒரு பெண்ணும். ஆனால் சத்தியம் பண்ணவேண்டும். கிளடிஸ் நீலச் சேலை கட்டி, சமாதானமாதா படத்துக்குக் கீழே கதிரையைப் போட்டு இருந்தாள். பேனாட் கமெராவுக்குத் தெரியாமல் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்றார்.

கண் பார்வை, செருப்பு, நிறை, என்ன சாப்பிட்டாள் என்று மூன்று மணித்தியாலம் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பிறகு அண்ணன் பக்கத்து லோயர் திரையில் ஒரு படத்தைப் போட்டார். கலியாண ஹோல். கிளடிஸ் இடது கையில் ஒரு குழந்தையைத் தூக்கி வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பத்துக் கிலோ இருக்குமா, மேடம்?"

கலியாணத்தில் போனோடு திரிந்தது ஆர் என்று கிளடிசுக்கு அந்த நிமிசமே விளங்கியது. ஆனால் குரல் உயரவில்லை.

"இருக்கும். தாய் சட்டெண்டு தந்திட்டாள். நான் கீழ போடுறதே? நோவு தாங்காமல் உடனே மற்றக் கைக்கு மாத்தினனான். இந்தப் படத்தை எடுத்த ஆள் கட்டாயம் அடுத்த படமும் எடுத்திருப்பார். அதையும் போடுங்கோ."

அடுத்த படம் அவரிடம் இல்லை, அல்லது போட விரும்பவில்லை. தட்டெழுதுகிற பெண் மட்டும் ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள்.

அடுத்த கிழமையே கம்பனி ஒரு தொகை தர முன்வந்தது. பில்லுக்குக் காணும், டிலேனியின் மூன்றிலொரு பங்குக்கும் காணும், கொஞ்சம் மிஞ்சும்.

"ஒரு நிபந்தனை" என்றாள் கிளடிஸ். "நான் விழுந்தது உண்மை எண்டு அண்ணை எழுதித் தரவேணும்."

"அப்படி எழுதமாட்டார்கள். எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளாமல்தான் பணம் தருவார்கள். எல்லா இணக்கமும் அப்படித்தான்."

"நான் விழேல்லை, ஆனால் விழுந்ததுக்குக் காசு."

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

"வேண்டாம். அண்ணையையும் சத்தியத்தில வைச்சுக் கேளுங்கோ. நான் பாக்கவேணும்."

பேனாட் ஃபிரிட்ஜைப் பிடித்துக்கொண்டார். டிலேனி பெருமூச்சு விட்டு, யேசுரட்ணத்தை விசாரிக்க டிசெம்பர் ஒன்பதாம் திகதியைக் குறித்தார். கிளடிஸ் கலண்டரில் அந்த நாளைச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டாள். கேட்கவேண்டிய கேள்விகள் பதினெட்டை எழுதி டிலேனிக்கு அனுப்பினாள். பதினெட்டாவது கேள்வி: 'அம்புலன்சில் பிடித்திருந்தது எந்தக் கையை?'

டிசெம்பர் மூன்றாம் திகதி டிலேனி எடுத்தார். குரலில் ஒரு துள்ளல்.

"நீங்கள் விடமாட்டீர்கள் என்று அவர்களுக்கு விளங்கிவிட்டது. தொகையை இரட்டிப்பாக்கியிருக்கிறார்கள். உங்கள் அண்ணனை விசாரிக்காமலே முடிக்கவேண்டுமாம். அந்தப் பக்கத்தில் ஆரோ அதற்காகப் படாத பாடு படுகிறார்கள் போல."

"அப்ப ஒன்பதாம் திகதி இல்லையோ?"

"இல்லை. மேடம், நீங்கள் வென்றுவிட்டீர்கள்."

"அவர் இன்னும் சொல்லேல்லை."

டிலேனி இந்த முறை பொறுமையாகச் சொன்னார். "நீதிமன்றத்தால் பணம்தான் வாங்கித் தரமுடியும். ஓம், விழுந்தாள் என்று ஒரு மனிதரின் வாயால் சொல்லவைப்பது எங்களுடைய வேலையில் வராது."

கிளடிஸ் கலண்டரில் இருந்த சிவப்பு வட்டத்தைப் பார்த்தாள். பதினாறு மாசம். இசப்கோல், கேக், காணி உறுதி, குழந்தைப் படம்.

"சரி" என்றாள். "அதை நான் பாத்துக்கொள்ளுறன்."

கையெழுத்துகள் முடிந்து, ஆஸ்பத்திரிப் பில் அடைபட்டு, வழக்கு மூடப்பட்டது என்ற கடிதம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. இனிக் கதைக்கலாம். கிளடிஸ் ஞாயிறுவரை பொறுத்தாள். பூசைக்குப் போய் வந்து, சேலையும் மாற்றாமல், சரியாகப் பதினொன்றரைக்கு நியூ ஜேர்சிக்குப் போன் எடுத்தாள். பேனாட் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். போனை ஷாமிலாதான் எடுத்தாள்.

"மாமி. ஹாய். எல்லாம் முடிஞ்சுதாம் என்ன? இன்ஷூரன்ஸ் லோயர் எனக்குச் சொன்னவர். I'm so happy."

"கொப்பரைக் கூப்பிடு."

"அப்பா பின்வளவில. என்ன விசயம், மாமி?"

"ஒரே ஒரு கேள்வி. நான் விழுந்ததை ஏன் மறுத்தவர் எண்டு அவற்ர வாயால எனக்குக் கேக்கவேணும். காசு வேற, இது வேற. நான் கேஸ் போட்டது அவருக்குத் தாங்கேல்லை எண்டால், அதை நேரில சொல்லியிருக்கலாம். அதுக்கு என்னைப் பொய்காரி ஆக்கவேண்டிய தேவை இல்லை. கூப்பிடு."

அந்தப் பக்கத்தில் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. ஷாமிலாவின் குரல் இறங்கிவிட்டது.

"மெல்லக் கதையுங்கோ, மாமி. அப்பாக்குக் கேட்டிடும்."

"கேக்கட்டும். கேக்கத்தானே எடுத்தனான்."

"இல்லை மாமி, please… நீங்கள் கேஸ் போட்டதே அப்பாக்கு இன்னும் தெரியாது."